நாலாவது படம்

ஹரோ
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ ஸ்பெயினில வாங்க நினைக்கிற வீட்டின்ர படங்களைக் கண்ணாடி மாத்திப் போட்டும் பாத்தன். கடல் வடிவாத்தான் இருக்கு. அந்த மிஹாஸ் ஊருக்கு நானும் ஒருக்காப் போனவன்தானே. ஃபுவென்ஹிரோலாவில இருந்து பஸ் வளைஞ்சு வளைஞ்சு 400 மீட்டருக்கு மேல ஏறினது. வெள்ளைச் சுவர், சவாரிக்கு நிரையாக் கட்டின கழுதைகள். மாமி கழுதையைத்தான் படம் பிடிச்சவ, கடலை இல்லை. கிராமத்துக்கு ஐஞ்சு நிமிசம் எண்டு விளம்பரத்தில போட்டால் அது காரில ஐஞ்சு நிமிசம். கொம்மாவின்ர முழங்காலையும் நினைச்சுப் பார்.

வாங்காதை எண்டு சொல்ல நான் ஆர்? காசு உன்ர. ஆனால் அது எந்தக் காணி வித்த காசு எண்டதை நான் மறக்கேல்லை.

கிணத்துக் கதை உனக்குத் தெரியும். எண்டாலும் சொல்லுறன், பொறு. அப்பு அந்தக் காணியை வாங்கேக்க, கிணத்தில பங்கு இருக்கெண்டு வித்தவர் வாயாலதான் சொன்னவர். வேற ஆளே, எங்கட சொந்தம். உறுதியை விரிச்சுப் பாத்தால் வழிவாய்க்கால் இருக்கு, கிணத்துப் பங்கு இல்லை. ஆச்சி 11 வரியம் மூண்டு வளவு தாண்டித் தண்ணி அள்ளினவ. கொம்மாவின்ர இடுப்பும் அந்தக் குடத்தாலதான் போனது, டொக்டர் என்ன சொன்னாலும்.

உன்ர கடலும் அந்தக் கிணத்துப் பங்குதான், பிள்ளை. நாலாவது படத்தில பல்கனிக்குக் கீழ பற்றை மூடின வெறுங்காணி ஒண்டு தெரியுது. அது ஆற்றை? அதில எத்தினை மாடி எழுப்பலாம்? விக்கிறவனைக் கேளாதை. நகரசபைத் திட்டத்தில அந்தத் துண்டுக்கு என்ன போட்டிருக்கெண்டு லோயர் பாக்கோணும். உன்ர லோயர், ஏஜென்ட் காட்டிற லோயர் இல்லை. ஊரில மாதிரி நொத்தாரிசு எல்லாம் பாப்பார் எண்டும் இராதை. அங்க அவர் ரெண்டு பக்கத்துக்கும் பொது. எங்கட தோம்பு மாதிரி, பதிவகத்தில ‘நோட்டா சிம்ப்ளே’ எண்டு ஒரு துண்டு எடுக்கலாம். ஈடு, வில்லங்கம் அதில தெரியும். அதைப் பாக்காமல் ‘அர்ராஸ்’ முற்பணம் கட்டிப்போடாதை. பிறகு மனம் மாறினால் அந்தக் காசு போனதுதான்.

புதுக் கட்டடத்துக்கு வரி 10 வீதம், முத்திரைக்கு 1.2 வீதம் வேற. வாடகைக்கு விடலாம் எண்டு எழுதினாய். 2025 ஏப்ரலில இருந்து சுற்றுலாக்காரருக்கு விட, அந்தக் கட்டடத்து உரிமையாளரில ஐஞ்சில மூண்டு பங்கு சம்மதிக்கோணும். பிரிட்டிஷ் பாஸ்போட்டோட 180 நாளில 90 நாள்தான் நிக்கலாம். மிச்ச நாள் ஆர் அந்தக் கடலைப் பாக்கிறது? 2022 யூலையில மிஹாஸ் மலை எரிஞ்சு சனத்தை வெளியேத்தினதையும் நீ வாசிச்சிருப்பாய்.

முடிவு உன்ர கையில. நான் ஒண்டும் சொல்லேல்லை.

கோவிக்காதை. எங்கட குடும்பத்தில கணக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். வாங்கினியெண்டால் முதல் ஆளா நான்தான் வருவன். ஒடியல் மா கொண்டாறன். கீழ இறங்கி நண்டும் கணவாயும் வாங்கிவந்து கூழ் காய்ச்சுவம். பல்கனிக்கு ஊஞ்சல் என்ர செலவு. ரெண்டு வேணுமெண்டால் ரெண்டு.

அன்பு மாமா

பி.கு.: நாலாவது படத்தை இன்னும் கொஞ்சம் கீழ சரிச்சு எடுத்து அனுப்பு.