இன்னொரு மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்கைப் போடுங்க!

சின்னத் தொழில் பண்றவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. போன சீசன்ல பரமத்தி வேலூர் பக்கம் ஒரு வெல்ல ஆலைக்காரரும் இதையேதான் கேட்டார்: "சார், ராத்திரி பகலா ஆலை ஓட்டறனுங்க. கையில காசு நிக்க மாட்டேங்குது. இன்னொரு மிஷின் போட்டா சரியாயிருமுங்களா?"

நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: "ஒரு டன் கரும்புக்கு எத்தனை கிலோ வெல்லம் எடுக்கறீங்க?"

"அது கரும்பைப் பொறுத்துங்க" என்றார். எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. உண்மையான பிரச்சனை அங்கேதான் இருந்தது.

புரொடக்டிவிட்டின்னா என்ன?

அதிக நேரம் உழைப்பது இல்லை. உள்ளே போடுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே எவ்வளவு வருது என்பதுதான். வெல்ல ஆலையில் உள்ளே போவது கரும்பு, கூலி, எரிபொருள். வெளியே வருவது 30 கிலோ சிப்பங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். புரிவதற்காக முழு எண்களாக எடுத்திருக்கேன். உங்க ஊர் விலையை நீங்க போட்டுக்கோங்க.

- ஒரு நாளைக்கு அரைக்கிற கரும்பு: 10 டன்
- கரும்பு விலை (டன் ரூ.3,000): ரூ.30,000
- கூலி, எரிபொருள், மற்ற செலவு: ரூ.15,000
- கிடைக்கிற வெல்லம் (டன்னுக்கு 100 கிலோ): 1,000 கிலோ
- விற்பனை (கிலோ ரூ.50): ரூ.50,000
- மிச்சம்: ரூ.5,000

இப்போ அதே 10 டன் கரும்பில், டன்னுக்கு 5 கிலோ மட்டும் கூடுதலா எடுத்தா? 1,050 கிலோ, விற்பனை ரூ.52,500, மிச்சம் ரூ.7,500.

கவனிச்சீங்களா? வெல்லம் கூடியது 5%. லாபம் கூடியது 50%! இதே கூடுதல் ரூ.2,500-ஐ அதிகம் அரைத்துச் சம்பாதிக்கணும்னா, பழைய கணக்குப்படி இன்னும் 5 டன் கரும்பு வாங்கி, அதுக்கும் கூலி கொடுத்து, பாதி நாள் கூட ஓட்டணும்.

அந்த 5 கிலோ எங்கே போகுது?

1. வெட்டின கரும்பு காத்துக் கிடப்பது. வெட்டியதில் இருந்தே கரும்பில் சர்க்கரைச் சத்து குறைய ஆரம்பிச்சிடும். எடையும் குறையும். 24 மணி நேரத்துக்குள் அரைக்கிற அளவுக்கு மட்டும் வெட்டச் சொல்லுங்க.

2. சக்கையில் தங்கும் சாறு. சக்கையைக் கையில் எடுத்துப் பிழிஞ்சு பாருங்க. ஈரம் நிறைய இருந்தா ரோலர் இடைவெளியைச் சரி பண்ணணும். ஈரச் சக்கை சீக்கிரம் காயாது, அடுப்பும் சரியா எரியாது. ஆக நஷ்டம் ரெண்டு பக்கம்.

3. காத்திருக்கும் ஆட்கள். காய்ந்த சக்கை தயாரா இல்லை, கொப்பரை காலியாகலை. இப்படி நாலு பேர் அரை மணி நேரம் சும்மா நின்னா, ரெண்டு மணி நேரக் கூலி போச்சு.

குறுக்கு வழி வேண்டாம்

எடையைக் கூட்ட அஸ்கா சர்க்கரை கலக்கிறவங்களும் இருக்காங்க. அது கலப்படம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-ன்படி, தரம் குறைந்த உணவுக்கே ரூ.5 லட்சம் வரை அபராதம் உண்டு. நம்ம உதாரணக் கணக்கில் அது 100 நாள் மிச்சம்! சரக்கைப் பறிமுதல் செய்தால் அந்த நஷ்டம் தனி. நேர்மையா காய்ச்சுகிற பக்கத்து ஆலைக்காரருக்கும் கெட்ட பேர்.

மானியம் கிடைக்குதே சார்?

குறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-ல் கொண்டு வந்த திட்டத்தில் 35% மானியம், அதிகபட்சம் ரூ.10 லட்சம். நல்ல விஷயம்தான். ஆனா மீதி 65% உங்க முதலும் வங்கிக் கடனும். வீணாவது எங்கேன்னு தெரியாமல் மிஷினைப் பெரிசாக்கினா, வீணாவதும் பெரிசாகும். கூடவே மாதத் தவணையும் வரும்.

இன்னைக்கே என்ன செய்யணும்?

ஒரு 40 பக்க நோட்டு போதும். தினமும் நாலு எண் எழுதுங்க: அரைச்ச கரும்பு எத்தனை டன், கிடைச்ச வெல்லம் எத்தனை கிலோ, மொத்தச் செலவு, வேலை நின்ன நேரம். வீட்டு ஆட்கள் வேலை செய்தால் அவங்க கூலியையும் செலவில் சேருங்க. பலர் இதை விட்டுடறாங்க. அப்புறம் தங்களோட சொந்தக் கூலியையே லாபம்னு நினைச்சுக்கிறாங்க.

30 நாள் கழிச்சு, அதிகம் கிடைச்ச 5 நாளையும் குறைவா கிடைச்ச 5 நாளையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அந்த நாட்கள்ல என்ன வித்தியாசமா நடந்ததுன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு ஆடிட்டர் தேவையில்லை!

நம்ம ஆலைக்காரர் மிஷினைத் தள்ளி வெச்சுட்டு, முதல்ல நோட்டு வாங்கியிருக்கார். உங்க தொழில் டிபன் கடையா, தையல் கடையா, எதுவா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: ஒரு கிலோ மாவுக்கு எத்தனை இட்லி, ஒரு நாளைக்கு எத்தனை பிளவுஸ்? டிபன் கடைக் கணக்கை அடுத்த வீடியோவில் போட்டுப் பார்க்கலாம்.