மேற்கே இருட்டினால் ஆற்றைப் பாருங்கள்

கீழப்பழுவூர் வட்டாரத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மாத ஆலோசனை

மருதையாற்றில் மழைக்கு முன்னால் இறங்கி நடந்தால் அதை ஆறு என்று சொல்லவே மனம் வராது. நடுவில் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், ஆடு மேய்ந்த தடம், யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டடக் கழிவு. ஆண்டில் பெரும்பகுதி இப்படிக் கிடப்பதால்தான் இந்த ஆற்றிடம் நமக்குப் பயம் இல்லாமல் போயிற்று. பச்சைமலைப் பக்கம் பிறந்து, பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து, நம் பக்கமாக வந்து கொள்ளிடத்தில் சேர்கிற ஆறு இது. இதில் வரும் வெள்ளம் பெரும்பாலும் நம் ஊரில் பெய்த மழை அல்ல. மேற்கே ராத்திரி கொட்டியது இங்கே வந்து சேரும்போது நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கலாம். இந்த இரண்டு மாதமும் காலையில் எழுந்ததும் மேற்கே பார்த்துவிட்டுப் பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.

முதல் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாய் விரித்த மாதிரி, சத்தமே இல்லாமல் பழுப்பாக ஊர்ந்து வரும். முன் விளிம்பில் நுரை, வேப்பஞ்சருகு, காலி பாட்டில், அதன்மேல் தொற்றிக்கொண்ட எறும்புக் கூட்டம். கணுக்கால் அளவுதானே என்று வேடிக்கை பார்த்து நிற்கும்போதே பின்னால் வரும் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிடும். ஆற்றுக்குள் ஆட்டுப்பட்டி போட்டிருப்பவர்களும், அக்கரையில் மாடு கட்டியிருப்பவர்களும் இந்த வாரமே மேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் கரிசல் மண்ணின் குணத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், முதல் மழையை அப்படியே குடித்துவிடும். "பெய்ததே, ஆற்றில் ஒன்றும் வரவில்லையே" என்போம். இரண்டாவது, மூன்றாவது மழையில் மண் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு பெய்வதில் பெரும்பங்கு ஓடைக்குத்தான் போகும். ஐப்பசி முழுக்க நனைந்த பூமியில் கார்த்திகையில் விழும் ஒரே கனமழை போதும்.

1956 நவம்பர் 23, கார்த்திகை பிறந்து ஒரு வாரம். விடியற்காலை இருட்டில் சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி கல்லகம் போகும் வழியில் மருதையாற்றுப் பாலத்தில் விழுந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மெஹபூப்நகர் ரயில் விபத்தின்போதே பதவி விலக முன்வந்திருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இதற்குப் பிறகு விலகியே விட்டார். அந்த ராஜினாமாவை நாடு முழுக்கப் பேசுகிறார்கள். அதற்குக் காரணமான ஆறு நம் வீட்டுப் பக்கத்தில் ஓடுகிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். வேகமாக ஓடும் நீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தடுமாற வைக்கும், ஒரு அடியில் காரை மிதக்க வைக்கும். நீர் கலங்கலாக இருப்பதால் அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பள்ளி வேன் ஓட்டும் தம்பிகளிடம் இதைப் பெற்றோரே நேரில் சொல்லுங்கள்: தாமதமானால் பரவாயில்லை, சுற்றிக்கொண்டு வா. கொட்டரையில் மருதையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் இருக்கிறது. அது நிரம்பினால் உபரி நீர் இதே ஆற்றில்தான் இறங்கும். தண்டோராவோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால் அலட்சியம் வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அவசர மருத்துவத்துக்கு 108, அறுந்து கிடக்கும் மின்கம்பிக்கு மின்னகம் 94987 94987. காலண்டரின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஏரிக்கரைதான் இந்த மாதத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம். நண்டு வளை, எலி வளை இருந்தால் இப்போதே களிமண் வைத்துக் கெட்டித்துவிடுங்கள். ஏரி நிரம்பிய பிறகு கரையின் வெளிப்பக்கமாக நடந்து பாருங்கள். கசிவு தெளிந்த நீராக இருந்தால் தினமும் இரண்டு வேளை கண்காணித்தால் போதும். கலங்கி, மண் கலந்து வந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது என்று பொருள். உடனே கிராம நிர்வாக அலுவலருக்கும் நீர்வளத் துறைக்கும் சொல்லுங்கள், ராத்திரியானாலும் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவதும், மீனுக்காகக் கலிங்கை வலை கட்டி அடைப்பதும் கூடவே கூடாது. வடியவேண்டிய நீருக்கு வழி இல்லையென்றால் அது கரையைத்தான் உடைக்கும்.

சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பழைய குழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழையில் நிரம்பி, நீலமாக, குளம் போலத் தெரியும். குளத்துக்குப் படித்துறை உண்டு, சரிவு உண்டு. குழிக்கு விளிம்பிலேயே ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம், பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. நீச்சல் தெரிந்தவனும் ஏற முடியாமல் களைத்துப்போவான். விடுமுறை நாளில் பிள்ளைகள் எங்கே குளிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

வயலுக்கு வருவோம். மக்காச்சோளம், பருத்திக் காட்டில் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. வரப்போரம் வடிகால் வாய்க்கால் இழுத்துவிடுங்கள். சம்பா நடவு மூழ்கினால் முதலில் வடியுங்கள். பிறகு பயிர் வெளுத்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்து இலை வழியாகத் தெளிக்கலாம். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்கிக் கட்டுவதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா? மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடுதான் பொட்டென்று விழும்.

குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். சேற்றில் இறங்குகிறவர்கள் காலில் புண் இருந்தால் கட்டிக்கொண்டு இறங்குங்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும்.

கடைசியாகக் கரைவெட்டி. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக நிரப்பும் ஏரி. 1999-இல் பறவைகள் சரணாலயம், 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. 450 ஹெக்டேருக்குச் சற்று மேல். இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் இங்கே குளிர்காலம் கழிக்கின்றன. சம்பாவுக்கு மருந்து அடித்த தெளிப்பானை வாய்க்காலில் கழுவினால் அது நேராக ஏரிக்குத்தான் போகும். வயலுக்குள்ளேயே கழுவி ஊற்றுங்கள், காலி டப்பாவைத் தண்ணீரில் எறியாதீர்கள். தீபாவளிக்கு ஏரிக்கரையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் வெடி வேண்டாம், மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதானால் மார்கழியில், சூரியன் ஏறுவதற்கு முன் போங்கள். கரைமேலேயே நின்று பார்க்கச் சொல்லுங்கள். தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை தெரிந்தால் அது வரித்தலை வாத்து.