நகரும் வலையமைப்பில் வழி தேடும் தாமதத்தைக் குறைத்தல்

2004.12.26 அன்று ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையைத் தாக்கியதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்திருப்பீர்கள். இத்தகைய அனர்த்தத்தில் தொலைபேசிக் கோபுரம் சாய்ந்தால் அதனை நம்பிய தொடர்புகள் யாவும் அறுந்துவிடும். கோபுரமின்றிச் சாதனங்களே செய்தியை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றும் வலையமைப்பு, நகரும் தற்காலிக வலையமைப்பு எனப்படும். இங்கு ஒவ்வொரு கணுவும் வழிப்படுத்தியாகவும் தொழிற்படும்.

வழி தேடல்

கணுக்கள் நகர்வதால் வழியும் மாறும். எனவே வழி தெரியாதபோது முதலில் அதனைத் தேட வேண்டும். 2003 யூலையில் வெளியான ஏ.ஓ.டி.வி. நெறிமுறையில் அனுப்பும் கணு 'வழி வேண்டல்' பொதியைப் பரப்பும். சேரிடம் 'வழி விடை' அனுப்பும். வலையமைப்பு முழுவதும் பரப்பினால் நெரிசல் ஏற்படும். ஆகவே தாவல் எல்லையை 1, 3, 5, 7 எனப் படிப்படியாகக் கூட்டித் தேடும்.

காத்திருக்கும் நேரம் = 2 × 40 × (எல்லை + 2) மில்லிசெக்கன்

(2 – போய்வருதல், 40 – ஒரு தாவலுக்கான மதிப்பீடு, அடைப்பிலுள்ள 2 – நெரிசலுக்கான மேலதிக அவகாசம்)

உதாரணம்

அ, ஆ, இ, ஈ, உ, ஊ என ஆறு படகுகள் கடலில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்த படகை மாத்திரமே எட்டும் எனக் கொள்க. 'அ' இலிருந்து 'ஊ' 5 தாவல் தூரம்.

எல்லை 1: 2 × 40 × 3 = 240 (விடை இல்லை)
எல்லை 3: 2 × 40 × 5 = 400 (விடை இல்லை)
எல்லை 5: விடை கிடைக்கும்.

வீணான நேரம் 640 மில்லிசெக்கன். இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அலையில் படகுகள் விலகி வழி அறுந்து, ஒவ்வொரு தடவையும் இவ்வாறு தேட நேர்ந்தால் உதவி கோரும் குரல் துண்டு துண்டாகவே கேட்கும்.

தாமதத்தைக் குறைக்கும் முறைகள்

1. பழைய தாவல் எண்ணிக்கையை நினைவில் வைத்தல். 5 + 2 = 7 என்ற எல்லையில் நேரடியாகத் தேடினால் அந்த 640 மில்லிசெக்கன் மிச்சமாகும்.
2. வழி தெரிந்த இடைக்கணுவே விடையளித்தல்.
3. அறுந்த இடத்துக்கு முன்னுள்ள கணுவே புதுவழி தேடித் திருத்துதல்.

கவனிக்க: இடைக்கணு அறிந்த வழி பழையதாயின் செய்தி தொலையும். எனவே தொடரெண்ணைப் பார்த்து, வழி புதியதா என உறுதிசெய்த பின்னரே அது விடையளிக்கும்.

பயிற்சி

'அ' முதன்முறையாக 'ஈ' ஐத் தேடினால் வீணாகும் நேரம் யாது?

விடை: 240 மில்லிசெக்கன். (3 தாவல் தூரம் என்பதால் முதல் தேடல் மாத்திரமே வீணாகும்.)