பறவை நோக்கலும் நட்பும்

பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார், உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனுக்கு அன்னத்தைத் தூது விட்டதைப் புறநானூறு கூறும். நட்பையும் பறவையையும் சேர்த்து எண்ணுவது தமிழருக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டிலும் அத்தகைய நட்பு ஒன்று மலர்ந்தது. இங்கே பறவை தூது செல்லவில்லை. பறவையே நட்புக்குக் காரணமாயிற்று. பறவையியல் அறிஞர் சலீம் அலி, லோக் வான் தோ ஆகிய இருவரின் நட்பே அது.

சலீம் அலி 1896இல் பம்பாயில் பிறந்தவர். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டார். அது என்ன பறவை என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அக்கேள்வியே அவருடைய வாழ்வாயிற்று. 1939இல் மனைவி தெஹ்மினாவை இழந்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

லோக் வான் தோ 1915இல் கோலாலம்பூரில் பிறந்த சீனர். திரைப்படத் தொழிலில் பெயர் பெற்ற கேத்தே நிறுவனத்தின் தலைவர். 1942இல் சிங்கப்பூரைவிட்டு அவர் சென்ற கப்பல் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. தீக்காயங்களுடன் உயிர் தப்பியவர் பின்னர் இந்தியா வந்து சேர்ந்தார். பம்பாயில் சலீம் அலியுடன் பழக்கம் ஏற்பட்டது. வயதில் ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டு இடைவெளி. நாடும் மொழியும் வேறு. ஆயினும் இருவரும் காடுமேடெல்லாம் சேர்ந்து அலைந்தனர். லோக் சிறந்த பறவைப் புகைப்படக் கலைஞரானார். 1957இல் தம் பறவை நூலை வெளியிட்டார். நண்பரின் ஆய்வுப் பயணங்களுக்குப் பொருளுதவியும் செய்தார். 1964 ஜூன் 20 அன்று தைவானில் நேர்ந்த விமான விபத்தில், 49 வயதில் அவர் மறைந்தார். சலீம் அலி தம் பணியைத் தொடர்ந்தார். அமெரிக்க நண்பர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிக் கைநூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. 1987இல் அவர் காலமானார்.

பறவை நோக்கலுக்குத் துணை எதற்கு என்று கேட்கலாம். சங்குவளை நாரையும் நத்தைகொத்தி நாரையும் தொலைவில் வெள்ளையும் கருப்புமாக ஒன்றுபோலவே தோன்றும். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து, அலகு மஞ்சளா, அலகின் நடுவே இடைவெளி உண்டா என்று சொல்ல, மற்றவர் நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் மாறிப் பார்க்க வேண்டும். மஞ்சள் அலகு சங்குவளை நாரைக்கு உரியது. இடைவெளி நத்தைகொத்திக்கு உரியது. ஒருவர் கண்டது செய்தி. இருவர் ஒத்துக் கண்டு எழுதியது சான்று.

இச்சான்று நம் மாவட்டத்துக்கு மிகவும் தேவை. வறண்ட வானிலையே இங்குத் தீப்பெட்டித் தொழிலையும் பட்டாசுத் தொழிலையும் வளர்த்தது. அதே மண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழையால் கண்மாய்கள் நிறைந்தால் நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் வந்து இறங்குகின்றன. நாம் செய்த பட்டாசு நாடெங்கும் வெடிக்கும் தீபாவளியும் ஐப்பசியில்தான் வருகிறது.

அண்டை மாவட்டமான சிவகங்கையில், 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடியை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காகத் தீபாவளியன்று பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசால் உலை கொதிக்கும் வீடுகளிலிருந்து வரும் நாம் அவ்வூரை எவ்வாறு நோக்குவது? அது நம் தொழிலுக்குப் பகையான ஊர் அன்று. எந்த மாதம் எந்த மரத்தில் கூடு இருக்கும் என்பதை அம்மக்கள் தலைமுறையாகக் கண்டு வந்துள்ளனர். ஆகவே எங்கே, எப்போது வெடிக்கலாகாது என்பதையும் அறிந்துள்ளனர். இந்த அறிவு நம் ஊர்க் கண்மாய்களுக்கும் வேண்டும். அது இருந்தால் தொழிலும் வாழும், கூடும் பிழைக்கும். இல்லையேல் கண்மாயில் எதை இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாமற் போகும்.

மாணவ நண்பர்களே! இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு தோழமையும் போதும். தத்தம் ஊர்க் கண்மாய்க்கு வாரம் ஒரு காலை இருவராகச் செல்லுங்கள். கண்டதை அன்றே எழுதுங்கள், காணாததையும் எழுதுங்கள். சென்ற ஆண்டு வந்த பறவை இவ்வாண்டு வரவில்லை என்பதைச் சொல்ல, சென்ற ஆண்டுக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் பிரிந்தாலும், அந்த ஏடு கல்லூரியில் இருந்து அடுத்து வரும் இருவருக்குப் பயன்படும்.