எந்தப் பாலிசி நமக்கு ஏற்றது?
எட்டாம் வகுப்பில் ஒரு சதவீதப் பாடம்

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ இயலை நடத்தும்போது தள்ளுபடி, இலாபம், நட்டம், வரி என்று சதவீதம் பெரும்பாலும் கடைத்தெருவையே சுற்றி வருகிறது. மருத்துவமனைக் கட்டணச் சீட்டிலும் அதே சதவீதம்தான் இருக்கிறது. அங்கே கணக்குப் புரியாமல் போனால் அடகுக்குப் போவது வீட்டு நகை. அதனால் இவ்வியலின் இறுதியில் மூன்று பாடவேளைகளை மருத்துவக் காப்பீட்டு ஒப்பீட்டுக்கு ஒதுக்கினேன். விரும்பும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலும் செய்து பார்க்கலாம்.

முன்னேற்பாடு

மாணவர் வீட்டு வருமானத்தையோ நோய் விவரத்தையோ வகுப்பில் கேட்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். எல்லாக் கணக்குகளும் கற்பனைக் குடும்பத்தின் கணக்குகள். நிறுவனங்களுக்கும் அ, ஆ என்றே பெயர்.

அரசின் திட்டத்தையும் முதலில் சொல்லிவிட வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்குக் காப்பீடு உண்டு. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. “அந்த அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் எனக்கு வேண்டாம், உங்களுக்குத்தான்” என்று சொன்னேன்.

முதல் பாடவேளை: இரண்டு பாலிசிகள்

கரும்பலகையில் இப்படி எழுதினேன். இரண்டிலும் காப்பீட்டுத் தொகை 3 இலட்சம் ரூபாய்.

அ நிறுவனம்: ஆண்டுப் பிரீமியம் ரூ.9,000. ஒவ்வொரு மருத்துவச் செலவிலும் 20 சதவீதத்தை நாம் ஏற்க வேண்டும் (இதைக் கோ-பேமென்ட் என்பார்கள்). அறை வாடகைக்கு வரம்பில்லை.

ஆ நிறுவனம்: ஆண்டுப் பிரீமியம் ரூ.12,000. கோ-பேமென்ட் இல்லை. அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை, அதாவது ரூ.3,000.

“எது நல்லது?” என்றேன். பெரும்பாலோர் ஆ என்றனர். 20 சதவீதம் என்ற சொல்லே அவர்களை மிரட்டிவிட்டது.

இரண்டாம் பாடவேளை: கட்டணச் சீட்டு

நோயாளி ரூ.6,000 வாடகை அறையில் 5 நாள் தங்குகிறார். அறை வாடகை ரூ.30,000, அறுவைச் சிகிச்சை, மருத்துவர், செவிலியர் கட்டணம் ரூ.1,20,000, மருந்து, பரிசோதனை ரூ.50,000. மொத்தம் ரூ.2,00,000.

அ பாலிசியில் 20 சதவீதம், அதாவது ரூ.40,000 நம் கையிலிருந்து போகும். ஆ பாலிசியில் ஒரு நாளுக்கு ரூ.3,000 கூடுதல், ஐந்து நாளுக்கு ரூ.15,000 கட்டினால் போதும் என்று குழுக்கள் விடை சொல்லின.

இங்கேதான் விகிதம் வருகிறது. வரம்பை மீறிய அறையில் தங்கினால், பல பாலிசிகளில் அறையைச் சார்ந்த மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். 3,000 : 6,000 என்பது 1 : 2. ஆகவே அறை வாடகையில் ரூ.15,000, சிகிச்சைக் கட்டணத்தில் ரூ.60,000 மட்டுமே கிடைக்கும். மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்கு இந்தக் குறைப்பு பொருந்தாது, அந்த ரூ.50,000 முழுதாகக் கிடைக்கும். நிறுவனம் தருவது ரூ.1,25,000. நாம் கட்டுவது ரூ.75,000.

“மிஸ், ரூமை மட்டும் மாத்தினா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதையே அடுத்த கணக்காக்கினேன். மற்றக் கட்டணங்கள் மாறாமல் அறை மட்டும் ரூ.3,000 என்றால் மொத்தம் ரூ.1,85,000. பிரீமியத்தையும் சேர்த்து மூன்று சூழல்களைக் குழுக்கள் அட்டவணைப்படுத்தின.

மருத்துவமனைக்கே போகாத ஆண்டு: அ ரூ.9,000, ஆ ரூ.12,000.
ரூ.3,000 அறை: அ ரூ.46,000, ஆ ரூ.12,000.
ரூ.6,000 அறை: அ ரூ.49,000, ஆ ரூ.87,000.

அட்டவணை முடிந்தபோது ‘எது நல்லது’ என்ற கேள்வி ‘யாருக்கு, எந்த அறையில்’ என்று மாறியிருந்தது. சேரும் நாளிலேயே வரம்புக்குள் இருக்கும் அறையைக் கேட்டு வாங்கினால் ரூ.75,000 மிச்சம் என்பதைக் கழித்தல் கணக்கே காட்டியது.

மூன்றாம் பாடவேளை: நிறுவனத்தை ஒப்பிடுதல்

பாலிசி நன்றாக இருந்தும் பணம் தராத நிறுவனத்தால் பயனில்லை. ‘100 கோரிக்கைகளில் 90-க்குப் பணம் கொடுத்தோம்’ என்று ஒரு நிறுவனம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கொடுத்த 90-உம் தலா ரூ.20,000, மறுத்த 10-உம் தலா ரூ.3 இலட்சம். எண்ணிக்கையில் 90 சதவீதம். தொகையில்? கொடுத்தது 18 இலட்சம், கேட்டது 48 இலட்சம்; 37.5 சதவீதம்தான். ஒரே செய்தி, இரண்டு சதவீதங்கள். ‘எதில் சதவீதம்?’ என்று கேட்கும் பழக்கம் இந்தக் கணக்கில்தான் மாணவரிடம் பதிந்தது.

நிறுவனவாரியான விவரங்களைக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நிறுவனங்களை மட்டும் தனியே ஒப்பிட ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசி வசதியானது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இதில் 5 சதவீதக் கோ-பேமென்ட் உள்ளிட்ட அடிப்படை நிபந்தனைகள் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே, பிரீமியம்தான் வேறுபடும். பிறகு, நம் ஊருக்கு அருகில் ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்த நிறுவனத்தின் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மாணவர் வீட்டுக்குக் கொண்டுசென்ற குறிப்புகள்

1. இருக்கும் நோயை மறைக்கக் கூடாது. சர்க்கரை நோயை எழுதினால் பிரீமியம் கூடலாம்; எழுதாமல் விட்டால் பிறகு கோரிக்கையே மறுக்கப்படலாம்.
2. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் எவ்வளவு? 2024 ஏப்ரல் முதல் இது 36 மாதங்களுக்கு மேல் இருக்கக் கூடாது.
3. அறை வாடகை வரம்பு, கோ-பேமென்ட் உண்டா?
4. பாலிசி கைக்கு வந்ததும் 30 நாளுக்குள் படித்துப் பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்.

மதிப்பீடு

தேர்வுக்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதச் சொன்னேன்: ‘உன் மாமா பாலிசி எடுக்கப்போகிறார். அ, ஆ இரண்டில் ஒன்றைக் கணக்குக் காட்டிப் பரிந்துரை செய்.’ எதைப் பரிந்துரைத்தாலும், கணக்கு சரியாக இருந்து காரணமும் பொருந்தினால் முழு மதிப்பெண். “மாமா, ஆ எடுங்கள், ஆனால் மூவாயிரம் ரூபாய் ரூமுக்கு மேல் கேட்காதீர்கள்” என்று எழுதியிருந்தான் ஒருவன். முழு மதிப்பெண் பெற்ற கடிதங்களில் அதுவும் ஒன்று.