விவரணப்படம்: காமிராவுக்குப் பின்னால் நிற்பவர் யார்?

நடிகர் இல்லை, பாட்டு இல்லை, கதை இல்லை. உள்ளதை உள்ளபடியே பிடித்துக் காட்டுவது விவரணப்படம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியென்பதை ஆராய, அவ்வகைப் படங்களுள் மூத்ததென்று பலரும் சொல்லும் ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். 1922-ம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் வெளியான “வடபுலத்து நானூக்” என்னும் மௌனப்படம் அது.

எடுத்தவர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி என்னும் அமெரிக்கர். அவர் பிழைப்புக்குப் படம் எடுத்தவரல்லர். கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பகுதியில் தாதுப்பொருள் தேடித் திரிந்தவர். 1913-ம் ஆண்டுப் பயணத்தில் ஒரு காமிராவையும் உடன் கொண்டுபோனார். எடுத்த சுருள்களை 1916-ல் டொராண்டோ நகரில் வைத்திருக்கையில், அவருடைய சிகரெட்டு நெருப்பே பட்டு 30,000 அடி எரிந்து சாம்பலாயிற்று. தப்பிய ஒரு பிரதியைப் போட்டுப் பார்த்தபோது அவருக்கே அது பிடிக்கவில்லையாம். ஆகவே ஒரே குடும்பத்தின் வாழ்க்கையைத் தொடர்ந்து காட்டுவதென்று தீர்மானித்து, ரெவியோன் என்னும் ரோம வியாபாரக் கம்பெனியின் பணத்தில் 1920-ல் மீண்டும் புறப்பட்டார். இனுக்ஜுவாக் என்னும் ஊரில் ஓராண்டு தங்கினார். அவ்வூரார் இனுயிட் மக்கள். எஸ்கிமோ என்று நாம் படித்தது பிறர் இட்ட பெயர்; அதை அவர்கள் விரும்புவதில்லை.

நானூக் என்றால் வெண்கரடி. ஆனால் படத்தில் நானூக்காக வருபவரின் பெயர் அல்லாக்கரியல்லாக். மனைவியென்று காட்டப்படுகிறவர் அவருடைய மனைவியல்லர். வேட்டைக்கு அவ்வூரார் துப்பாக்கி எடுத்துப் பல காலமாகியும், படத்தில் எறியீட்டியோடு மட்டுமே போகிறார்கள். வியாபாரியின் கடையில் கிராமபோன் தட்டை நானூக் கடித்துப் பார்க்கிறார். அதுவும் சொல்லிச் செய்த வேடிக்கை.

பனிவீட்டுக் காட்சியைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பனிக்கட்டியை அறுத்து அடுக்கி அவர்கள் வீடு கட்டும் காட்சி மெய்யானது. அந்தக் கைத்திறனைக் கண்டு வியக்காதவரில்லை. ஆனால் உள்ளே இருட்டு. அக்காலத்துக் காமிராவோ பெரியது, நல்ல வெளிச்சமின்றி அதில் ஒன்றும் பதியாது. ஆகவே வழக்கத்தினும் பெரிதாக ஒரு வீட்டைக் கட்டி, அதன் ஒரு பக்கத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். திறந்த வெளிக்குளிரில் அக்குடும்பம் உடையைக் களைந்து படுத்து, தூங்கி விழிப்பதுபோல் நடித்தது. திரையில் நாம் காணும் கதகதப்பான காலைப்பொழுது அது!

அப்படியானால் இது பொய்ப்படமா? அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. எடுத்த சுருளை அங்கேயே கழுவி, ஊராருக்குப் போட்டுக் காட்டியவர் ஃபிளாஹர்ட்டி. பனியில் துளை போட்டுத் தண்ணீர் மொண்டு வந்து சுருள் கழுவ உதவியவர்கள் அவ்வூரார். தந்தமுள்ள வால்ரஸ் விலங்கை வேட்டையாடும் காட்சி திரையில் ஓடியபோது, பிடி, விடாதே என்று அவர்கள் கூச்சலிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். பாட்டன் காலத்து வேட்டையை நடித்துக் காட்டுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் நியூயார்க்கில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களே. உலகத்தாரின் மனத்தில் அம்மக்கள் துப்பாக்கியறியாத, எப்போதும் புன்னகை புரியும் குழந்தைகளாகப் பதிந்துபோனார்கள். படம் முடிந்து இரண்டோர் ஆண்டில் அல்லாக்கரியல்லாக் இறந்தார். வேட்டைக்குப் போன இடத்தில் பட்டினியால் மாண்டார் என்று ஃபிளாஹர்ட்டி சொன்னார். காசநோயால் வீட்டில் இறந்திருக்கவே கூடுமென்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் கருத்து. மரணத்திலும் ஒரு கதை!

படம் காட்டாத கதை ஒன்றுண்டு. மனைவியாக நடித்த பெண்ணுக்கு, ஃபிளாஹர்ட்டி ஊர் திரும்பிய பின் 1921 டிசம்பரில் அவர் மூலம் ஒரு மகன் பிறந்தான். தகப்பன் திரும்பி வரவேயில்லை. 1953-லும் 1955-லும் கனடா அரசாங்கம் இனுக்ஜுவாக் குடும்பங்கள் சிலவற்றை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே, மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத பிரதேசத்தில் குடியேற்றிற்று. அங்கே வேட்டை நிறையக் கிடைக்கும், விரும்பினால் திரும்பி வரலாம் என்று சொல்லியே அழைத்துப் போனார்கள். அவ்வாக்கு காப்பாற்றப்படவில்லை. 1955-ல் போனவர்களுள் அந்த மகனும் அவர் மக்களும் உண்டு. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2010-ல். ஃபிளாஹர்ட்டியின் பேத்தி மார்த்தாவின் வாழ்க்கையை வைத்து இவ்வரலாற்றைக் கூறும் “வடபுலத்து மார்த்தா” என்ற விவரணப்படம் 2008-ல் வெளிவந்தது. பாட்டனார் படத்தின் பெயரை ஒட்டியே இப்பெயர் இடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி இனுயிட் மக்கள் தாமே காமிராவைக் கையிலெடுத்ததைக் காண்போம். இக்லூலிக் என்னும் ஊரார், தம் மொழியில் நிகழ்ச்சி இல்லாத டெலிவிஷன் வேண்டாமென்று 1975-லும் 1979-லும் ஓட்டுப்போட்டுத் தடுத்தார்கள். அவ்வூர்ச் சிற்பியான ஜக்கரியாஸ் குனுக் தாம் செதுக்கிய கற்சிலைகளை மான்ட்ரியலில் விற்று 1981-ல் ஒரு வீடியோக் காமிரா வாங்கினார். 1990-ல் நண்பர்களுடன் இசுமா என்ற படநிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் எடுத்த “நுனவுட்” என்னும் 13 பகுதித் தொடர், 1945-ம் ஆண்டு வாழ்க்கையை ஊராரே நடித்துக் காட்டுவது. பழைய உடை, பழைய வேட்டை, பனிவீடு எல்லாம் உண்டு. ஃபிளாஹர்ட்டி செய்ததும் இதுதானே என்று கேட்கலாம். செய்கை ஒன்றே. ஆனால் இங்கே நடிப்பதும் பேசுவதும் அவர்கள் மொழியில். இப்படித்தான் செய்தோம், அப்படியில்லை என்று திருத்துவதற்கு அக்காலத்தை அறிந்த முதியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். படம் முதலில் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் வீட்டுக்கே.

1990-ல் “மீண்டும் நானூக்” என்ற பிரெஞ்சு விவரணப்படத்துக்காக இனுக்ஜுவாக்கில் பழைய படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பனித்துளையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடல்நாயோடு நானூக் போராடி உருண்டு விழும் காட்சியில் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்ததென்று அவர்களுக்குத் தெரியும். குறைகளையெல்லாம் எடுத்துச் சொன்ன ஊர்க்காரர் ஒருவரே, இது முக்கியமான படமென்றும் சொன்னார். அக்காலத்து அவ்வூரைக் காட்ட ஃபிளாஹர்ட்டியின் இந்தப் படத்தையும் அவர் பிடித்த போட்டோக்களையும் தவிர அவர்களிடம் வேறு இல்லை.