மேடையில் பிறக்கும் கேள்விகள்: நாடகமும் மெய்யியலும்

நாடகத்தைக் கலைப்பாடம் என்றும் மெய்யியலைக் கல்லூரிக்குரிய கடினமான பாடம் என்றும் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் இருந்த டயோனிசஸ் அரங்கில் மக்கள் கூடி நாடகம் பார்த்தார்கள். அதே மக்களைச் சந்தையில் நிறுத்தி, 'நீதி என்றால் என்ன?' என்று சாக்ரடீஸ் கேட்டார்.

இரு நியாயங்களின் மோதல்

சோஃபோக்ளிஸ் எழுதிய 'ஆன்டிகனி' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். சொந்த நகரத்தின்மீதே படையெடுத்து வந்து மாண்டவனின் உடலை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்று அரசன் கிரேயோன் ஆணையிடுகிறான். இறந்தவனின் தங்கை ஆன்டிகனி ஆணையை மீறுகிறாள். நகரத்தைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பது அவன் வாதம். மனிதன் போட்ட ஆணையைவிட இறந்தவருக்குச் செய்யும் கடமை பெரிது என்பது அவள் வாதம். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால்தான் இது துயர நாடகமாகிறது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் ஹெகல் விளக்கினார்.

கேலியின் விலை

மேடைக்கு இன்னொரு முகமும் உண்டு. கி.மு. 423-இல் அரிஸ்டோஃபனிஸ் 'மேகங்கள்' என்ற நகைச்சுவை நாடகத்தை அரங்கேற்றினார். கூடையில் தொங்கியபடி வானத்தை ஆராய்பவராகவும், பொய்வாதத்தை வெல்லவைக்கும் பள்ளியை நடத்துபவராகவும் சாக்ரடீஸ் அதில் காட்டப்பட்டார். 24 ஆண்டுகள் கழித்து, இளைஞர்களைக் கெடுத்தார், நகரத்தின் கடவுளரை ஏற்கவில்லை என்ற குற்றச்சாட்டுகளின்பேரில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிளேட்டோ எழுதியுள்ள விசாரணை உரையில், தம்மைப் பற்றிய பழைய தப்பெண்ணங்களுக்குச் சான்றாக அந்த நாடகத்தையே சாக்ரடீஸ் சுட்டுகிறார்.

ஆசிரியரும் மாணவரும்

நாடகம் உணர்ச்சியைத் தூண்டி அறிவை மயக்கும் என்று அஞ்சிய பிளேட்டோ, தமது 'குடியரசு' நூலில் கவிஞர்களுக்கு இடம் மறுத்தார். ஆனால் அவர் தம் நூல்களை உரையாடல்களாகவே எழுதினார். அவை நாடகம் போலவே நடக்கின்றன. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் வேறு முடிவுக்கு வந்தார். நடந்ததை வரலாறு சொல்கிறது, நடக்கக்கூடியதைக் கவிதை சொல்கிறது. எனவே கவிதையே மெய்யியலுக்கு நெருக்கமானது என்றார். அவர் கவிதை என்றதில் நாடகமும் அடங்கும்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒன்பதாம் வகுப்பில் ஒரே பாடவேளையில் இதைச் செய்யலாம்.

1. ஆன்டிகனியின் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்; முடிவை மட்டும் சொல்லாதீர்கள்.
2. இருவர் கிரேயோனாகவும் ஆன்டிகனியாகவும் வாதிடட்டும். மற்றவர்கள் ஊர்மக்களாக இருந்து கேள்வி கேட்கட்டும்.
3. பத்து நிமிடம் கழித்துப் பாத்திரங்களை மாற்றுங்கள். இதுவே முக்கியமான படி. தான் எதிர்த்த கருத்துக்காக இப்போது தானே வாதாட வேண்டும்.
4. இறுதியில், 'நான் ஏற்காத தரப்பின் வலுவான காரணம் எது?' என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதட்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு, 'நண்பன் தவறு செய்ததைப் பார்த்தேன், ஆசிரியரிடம் சொல்லலாமா?' என்பது போன்ற எளிய சூழல் போதும்.

ஒரு விதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வகுப்பிலுள்ள எவரையும், ஊரிலுள்ள எவரையும் போல நடித்துக் கேலி செய்யக்கூடாது. மேடையில் ஒட்டிய பட்டப்பெயர் மேடையோடு போய்விடாது.

ஆண்டு விழா நாடகங்களில் கடைசிக் காட்சியில் ஒருவர் வந்து நீதி சொல்லிவிடுகிறார். பார்ப்பவர் கைதட்டிவிட்டுக் கலைகிறார். அந்தக் கடைசி வசனத்தை ஒருமுறை நீக்கிப் பாருங்கள். யார் சொன்னது சரி என்று பிள்ளைகள் வீடு வரைக்கும் வாதிட்டுக்கொண்டே போவார்கள். அந்த வாதம்தான் மெய்யியலின் முதல் பாடம்.